டிக்கியில் அம்மி, வேகம் நூற்றுப்பத்து

நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள். மிதி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை இறங்கிவிடுகிறது. வேகம் கிட்டத்தட்ட நூறு. பின் சீட்டில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாகக் கல்யாணப் பெண் இருக்கிறாள். உங்கள் வாயில் வரும் முதல் சொல் என்ன?

என் வாயில் வந்தது ஒரு டேனிஷ் கெட்டவார்த்தை. பெண்ணின் தாயார் பிரேக் போனதை மன்னித்துவிட்டார். அந்த வார்த்தையை இன்றுவரை மன்னிக்கவில்லை.

நான் தர்சிகா. வயது இருபத்தெட்டு. பழைய அமெரிக்கக் கார்களைக் கல்யாணங்களுக்கு ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவள். சிரிக்காதீர்கள். ஆறு கோடைகள் ஓட்டினேன், விட்டேன், இப்போது டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு அலுவலகத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு அழுத்தக் கணக்குப் போடுகிறேன். ஓய்வு என்றால் இதுதான். இதை இவ்வளவு அவசரமாகத் தட்டுவதற்குக் காரணம் இன்று மதியம் வந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் கார்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் ஏன் பதறுகிறேன் என்று விளங்காது.

வைலேக்கு வெளியே, பழைய பால்பண்ணைக் கட்டடம் ஒன்றில் ஹெலே நான்கு கார்களை வைத்திருந்தார். நாற்பதைத் தாண்டிய டேனிஷ் பெண்மணி. முன்பு அம்புலன்ஸ் அனுப்பும் இடத்தில் தொலைபேசி எடுத்தவர். அதனால் எதற்கும் குரல் உயராது. வீடு எரிகிறது என்று சொன்னாலும் "எந்தத் தெரு?" என்றுதான் கேட்பார். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். வெள்ளைக் காரின் முன் நின்று படம் எடுக்காத தமிழ்க் கல்யாணம் யூலண்ட் பகுதியில் நடந்ததா என்று அப்போது எனக்குச் சந்தேகம். தமிழ் தெரிந்த ஓட்டுநர் வேண்டும் என்று அவர் தேட, பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் போய் நின்றேன்.

"எஞ்சின் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்," என்றேன். இருபத்தொரு வயது, வேறு என்ன சொல்வேன்?

"நல்லது," என்றார் ஹெலே. "அப்படியென்றால் இது என்ன?"

வெள்ளைக் காரின் ஸ்டீரிங்கின் மேல்பக்கம் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதில் கறுப்புப் பேனையால் 80.

"வேக எல்லை?"

"இல்லை. இந்தக் காரின் ஊர்."

எனக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரித் தலையை ஆட்டினேன்.

பயிற்சி மூன்று வாரம். அதைச் சொல்லி உங்களை அறுக்கப்போவதில்லை. ஆனால் புறப்படும் முறையைச் சொல்லியே ஆகவேண்டும். சாவியைத் திருப்புவதற்கு முன் காரின் கீழே குனிந்து ஈரம் இருக்கிறதா பார்க்க வேண்டும். பிரேக்கை மூன்று தரம் மிதித்து, மூன்றாவது தரம் முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். மிதி ஒரு மயிரிழை இறங்கினாலும் பயணம் ரத்து. டிக்கியில் மாற்றுச் சில்லும் ஒரு தும்புத்தடியும் மட்டும். தும்புத்தடி எதற்கென்றால், எங்கள் ஆட்கள் வாசலில் அடிக்கும் தேங்காயின் சிரட்டைத் துண்டுகளைக் கூட்டித் தள்ளுவதற்கு. சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசிப்பதற்கு ஹெலே மறுப்புச் சொன்னதே இல்லை. "மென்மையான பழம். வைக்கட்டும்."

புறப்பட்டு இருபது கிலோமீட்டரில் ஒரு தரம் நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவுக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும். உள்ளங்கை இல்லை, புறங்கை. நான்கிலும் சூடு ஒரே அளவாக இருக்க வேண்டும்; ஒன்று கூடச் சுட்டால் அதன் பிரேக்கில் ஏதோ பிழை. திரும்பி வந்தால் ஹெலே வணக்கம்கூடச் சொல்லமாட்டார். நேரே வந்து சில்லுகளுக்குப் புறங்கை வைப்பார், நான்கையும் சுற்றி முடித்த பிறகுதான் "கல்யாணம் எப்படி?" என்று கேட்பார்.

அந்த டேப்பில் எழுதிய இலக்கம் நான்கு கார்களிலும் நான்கு விதம். பச்சைக் காரில் 70. அது நாற்பதுகளின் கடைசியில் செய்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்துப் பெருந்தெரு ஒவ்வொரு சிற்றூரின் நடுவாலும் போகும். பத்து நிமிடத்துக்கு ஒரு சந்தி, ஒரு கடைத்தெரு. அதில் எழுபதுக்கு மேல் தொடர்ந்து போக வழியே இல்லை, ஆகவே அதற்கு ஏற்ற கியர்தான் வைத்தார்கள். வெள்ளைக் கார் ஐம்பதுகளின் நடுப்பகுதி. பெரிய எஞ்சின், இறக்கை மாதிரிப் பின்பக்கம், பார்த்தால் ராக்கெட். ஆனால் ஊர்களைச் சுற்றிப் போகும் பெரிய நெடுஞ்சாலைகளைக் கட்ட அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கார் பழைய இருவழிப் பாதைக்குப் பிறந்த பிள்ளை. நீலக் கார் அறுபதுகளின் பிற்பகுதி. நெடுஞ்சாலை வந்தாயிற்று, சந்தி இல்லை, விளக்கு இல்லை, நாள் முழுக்க நேர்கோடு. அதனால் பின் அச்சில் நீளமான கியர், முன்னால் டிஸ்க் பிரேக். நூறில் போகும்போது எஞ்சின் தூங்கி வழியும். மண்ணிறக் கார் எண்பதாம் ஆண்டுக்காரன். எண்ணெய்த் தட்டுப்பாடு வந்து நாடு முழுக்க ஐம்பத்தைந்து மைல் என்று சட்டம் போட்ட பிறகு செய்தது. அதன் மீட்டர் எண்பத்தைந்து மைலோடு முடிந்துவிடும். பார்க்கவே பாவமாக இருக்கும், அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்ன மீட்டர்.

ஆக, ஒரு காருக்கு எந்த வேகம் சுகம் என்பதை எஞ்சின் தீர்மானிப்பதில்லை. அது எந்தத் தெருவுக்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தெரு தீர்மானிக்கிறது. ஹெலே சொன்ன "ஊர்" அதுதான். டென்மார்க்கின் மோட்டர்வே நீலக் காரைத் தவிர வேறு எதற்கும் சொந்த ஊர் இல்லை.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அந்தச் சனிக்கிழமை தெரியாது.

அது என் இரண்டாவது கோடை. பெண் வைலேயில் மேட்டுப்பக்கம் இருக்கும் துளசி, மண்டபம் ஹொல்ஸ்டெப்ரோவில். நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். முகூர்த்தம் பதினொன்று பத்துக்குத் தொடக்கம். எண்பதில் போனால் ஒன்றரை மணி நேரம் என்று ஹெலே கணக்குப் போட்டு, ஒன்பது மணிக்குப் புறப்படவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

எட்டு ஐம்பதுக்கே வெளிக்கிட்டார்கள். ஆச்சரியப்படாதீர்கள். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அதற்கு முன் பெண் வாசல் படலையைத் தாண்டிவிட வேண்டும். தாண்டினாள். தேசிக்காய்கள் நசிந்தன, தேங்காய் உடைந்தது, நான் தும்புத்தடியால் கூட்டினேன். தெருமுனைப் பெற்றோல் நிலையத்துக்கு வந்ததும் பெண்ணின் தாய்மாமன் நேசன் மாமா முன் சீட்டிலிருந்து கையைக் காட்டினார்.

"இதில நிப்பாட்டு பிள்ளை."

"ஏன் மாமா?"

"வீட்டில இருந்து வெளிக்கிட்டாச்சுத்தானே, இனி ராகு ஒண்டும் செய்யாது. ஓகூஸ் ஆக்கள் இன்னும் வரேல்லை. அவையளோட சேந்து போவம்."

ஓகூஸ் ஆட்கள் வர ஒன்பது நாற்பத்தைந்து. அந்த இடைவெளியில்தான் இன்னொன்றும் நடந்தது. சாமான் ஏற்ற வேண்டிய கார் ஏற்கெனவே நிரம்பிவிட்டதாம். நான் கோப்பி வாங்கித் திரும்பும்போது மாமாவும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளைக் காரின் டிக்கியை மூடிக்கொண்டிருந்தார்கள். காரின் பின்பக்கம் நாய் குந்தினாற்போல் தாழ்ந்திருந்தது.

"மாமா, என்ன வச்சனீங்கள்?"

"ரெண்டு குத்துவிளக்கு, கொஞ்சம் தேங்காய். அம்மி."

"அம்மியோ?"

"அம்மி மிதிக்காமல் கலியாணமோ? யாழ்ப்பாணத்தில இருந்து கப்பலில வந்த கல்லு. இஞ்ச எங்க எடுக்கிறது?"

டிக்கியில் ஒன்றும் வைக்கக்கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெண் பிள்ளை கார் ஓட்டுகிறாளே என்று காலையிலிருந்து மூன்று மாமிமார் என்னை மேலும் கீழும் பார்த்திருந்தார்கள். அவர்கள் முன்னால் "ஏலாது" என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்கெட்ட காரணம்தான், ஆனால் உண்மை அதுதான்.

மோட்டர்வேயில் ஏறினோம். எண்பது. பாரவண்டிகள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தின. பின் சீட்டில் நடுவில் துளசி, இருபக்கமும் தாயாரும் சின்னம்மாவும். ஒருவருக்கும் சீட்பெல்ட் கிடையாது. அந்தக் கார் பிறந்தபோது அப்படி ஒன்று பொருத்தும் வழக்கமே இல்லை.

"என்ன பிள்ளை, மாட்டுவண்டில் ஓட்டுறியோ?"

"இது இவ்வளவுதான் மாமா போகும்."

"நூற்றிருபது எண்டு மீட்டரில கிடக்கே."

"அது மைல்."

"அப்ப இன்னும் கெதியாப் போகும்!"

தாயார் பின்னாலிருந்து, "அண்ணை, ஐயர் ஃபோன் பண்ணுறார், பதினொண்டு பத்துக்குப் பொம்பிளை மணவறையில இருக்கோணுமாம்," என்றார். கண்ணாடியில் துளசியைப் பார்த்தேன். கண்மை கரையத் தொடங்கியிருந்தது. அதுதான் என்னை உடைத்தது என்று சொல்லலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் என் தலைக்கனம். நான் பொறியியல் மாணவி. எஞ்சினுக்குச் சக்தி இருக்கிறது, தெரு நேராக இருக்கிறது, டேப் துண்டு ஒன்று என்னைத் தடுப்பதா?

நூற்றுப்பத்து. எஞ்சின் கத்தியது, ஸ்டீரிங் கையில் மிதந்தது, ஆனால் போனது.

"பாத்தியே, போகுதுதானே!" என்று மாமா தொடையில் தட்டினார்.

இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்திப் பார்க்கவேண்டிய சில்லுகளை நான் நிறுத்திப் பார்க்கவில்லை.

ஹொல்ஸ்டெப்ரோவுக்கு வெளியேறும் பாதைக்குக் கொஞ்சம் முன்னால் வீதி வேலை. வாகன வரிசை. நூற்றுப்பத்திலிருந்து மிதித்தேன், நின்றது. இடைவெளி கிடைத்ததும் ஏற்றினேன், மறுபடி மிதித்தேன். மூன்று தரம். கயிறு எரிவதுபோல ஒரு மணம் வந்தது.

"ஆரோ தோசையைக் கருக்கிப்போட்டினம்," என்றார் சின்னம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

வரிசை முடிந்தது. மறுபடி ஏற்றினேன். வெளியேறும் பாதையில் திரும்பியபோது வேகம் கிட்டத்தட்ட நூறு, பாதையின் முடிவில் வட்டச்சந்தி, அதற்கு முன்னால் பால் ஏற்றும் பவுசர் லொறி ஒன்று நின்றுகொண்டிருந்தது. மிதித்தேன். மிதி தரைக்குப் போனது. பஞ்சுத் தலையணையை மிதித்ததுபோல.

அங்கேதான் அந்த வார்த்தை.

மறுபடி மறுபடி மிதித்தேன். நாலாவது மிதிக்குக் கொஞ்சம் பிடித்தது, உடனே விட்டது. கியர் லீவரைக் கீழ்க் கியருக்கு அடித்தேன்; எஞ்சின் அலறியது. அந்தக் காரில் கைப்பிரேக்கும் காலால் மிதிப்பதுதான்; இடதுகாலால் அதைக் குத்தினேன், பின்பக்கம் வழுக்கியது. பவுசரின் பின்விளக்குகள் முன்கண்ணாடி முழுக்க வந்துவிட்டன. வலதுபக்கப் புல்மேட்டுக்கு ஸ்டீரிங்கைத் திருப்பினேன். கார் மேட்டில் ஏறியது, சின்ன மரக்கன்றுகள் இரண்டைச் சாய்த்தது, குலுங்கி நின்றது. அந்தக் குலுக்கலில் பின்னால் ஒரு சத்தம். மந்தமான, கனமான சத்தம்.

எஞ்சின் டிக், டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

துளசிதான் முதலில் பேசினாள். "அம்மா, ஆரோ முதுகில உதைச்ச மாதிரி இருந்தது."

இறங்கினோம். ஒருவருக்கும் காயமில்லை. மாமா டிக்கியைத் திறந்தார். குத்துவிளக்குகள் கிடந்தன. தேங்காய்கள் உருண்டு கிடந்தன.

"அம்மி எங்க?" என்றார்.

அம்மியைக் காணவில்லை. நான் டோர்ச் அடித்தேன். அந்தக் காலத்துக் காரில் டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவே இரும்புத் தகடு கிடையாது. வெறும் மட்டை. தடித்த, கறுத்த கடுதாசி மட்டை. அதை அம்மி கிழித்துக்கொண்டு போயிருந்தது. சீட்டின் கம்பிச்சுருள்கள்தான் அதைத் தடுத்து நிறுத்தியிருந்தன, துளசியின் முதுகெலும்புக்கு நேர் பின்னால். கம்பி வளைந்து, துணிக்கு அடியில் கல்லின் மூலை புடைத்துக்கொண்டு நின்றது. கையை வைத்துப் பார்த்தேன். துணிக்கும் கல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் போகவில்லை.

நான் அழவில்லை. புல்லில் இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பின்னால் வந்த சாப்பாட்டு வேன் நின்றது. சாம்பார்ச் சட்டிகளுக்கு நடுவே துளசியை ஏற்றினார்கள். அம்மியையும் ஏற்றினார்கள், அது இல்லாமல் கல்யாணம் இல்லையே. அன்று முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியதாம். அந்தக் கல்லின்மேல் துளசி கால் வைத்த படத்தைப் பிறகு பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்து அவள் பாதத்தைப் பிடித்திருக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தப் படத்தை என்னால் இரண்டு வினாடிக்கு மேல் பார்க்க முடியாது.

நேசன் மாமா போகவில்லை. சொந்த மருமகளின் தாலிகட்டை விட்டுவிட்டு என்னோடு புல்மேட்டில் இருந்தார். ஹெலே இழுவை வண்டியோடு வந்து இறங்கியதும் நான் வாய் திறப்பதற்கு முன் மாமா டேனிஷில் தொடங்கினார்: "எண்பது. வழி முழுக்க எண்பதுதான் வந்தவ. நல்ல பிள்ளை."

ஹெலே அவரைப் பார்க்கவில்லை. முன் சில்லுக்குப் புறங்கையைக் கொண்டுபோனார். உடனே இழுத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "எத்தனை?" என்றார்.

"தொண்ணூறு," என்றேன்.

தலையை ஆட்டினார். காரை ஏற்றினார்.

திங்கட்கிழமை நான் போனபோது என் கோப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் முன் சில்லின் பிரேக் டிரம் இருந்தது. சட்டி மாதிரி இரும்பு. அதன் உட்பக்கம் நீலம் நீலமாகத் திட்டுகள். இரும்பு அப்படி நிறம் மாற எவ்வளவு சூடு வேண்டும் என்று எனக்கு வகுப்பில் சொல்லித் தந்திருக்கிறார்கள். தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். எண்பதிலிருந்து நூற்றுப்பத்துக்குப் போனால் பிரேக் விழுங்கவேண்டிய சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்கு மேல் அம்மி, தேங்காய், ஐந்து பேர். பிரேக் எண்ணெய் உள்ளே கொதித்து ஆவியாகிவிட்டது. நான் மிதித்தது ஆவியை.

"நூற்றுப்பத்து," என்றேன்.

"தெரியும்," என்றார் ஹெலே. "உன் மாமாவுக்குப் பொய் சொல்ல வராது."

"அவர் என் மாமாவே இல்லை."

முதன்முறையாக அவர் முகத்தில் அதிர்ச்சியைப் பார்த்தேன். "பிறகு ஏன் உனக்காகப் பொய் சொன்னார்?"

'மாமா' என்ற சொல்லை டேனிஷில் விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டேன்.

வேலையிலிருந்து நிறுத்துவார் என்று நினைத்தேன். பதிலுக்கு ஒரு குளியலறைத் தராசு வாங்கி வந்தார். அந்தக் கோடை முழுக்கப் புறப்படுவதற்கு முன் காரில் ஏறும் ஒவ்வொரு பொருளையும் நான் நிறுக்க வேண்டும். வீட்டு வாசலில், பட்டுச்சேலைக் கூட்டத்தின் நடுவே. "பொம்பிளையையும் நிறுக்கப்போறியோ?" என்று ஒரு மாமி கேட்டார். "ஓம் மாமி, உங்களுக்குப் பிறகு," என்றேன். அதற்குப் பிறகு "ஏலாது" என்ற சொல் எனக்கு மிகச் சுலபமாக வந்தது. ஹெலேயும் மாறினார். யாராவது தமிழ்க் குடும்பம் பதிவு செய்தால் முதல் வேலையாக என்னை அழைப்பார்: "சனிக்கிழமை ராகு எத்தனை மணிக்கு?" பெற்றோல் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே புறப்படும் நேரம் போடுவார். அடுத்த நான்கு வருடமும் ஒரு பெண்கூடப் பிந்தவில்லை. எண்பதில்.

இனி இன்று மதியத்துக்கு வருகிறேன். ஹெலே போன மாரிக் குளிரில் நிறுவனத்தை விற்றுவிட்டார். நான்கு கார்களும் புதிய முதலாளியிடம். அங்கே இப்போது ஓட்டும் ஷாலினி, என்னை மாதிரியே படிக்கிற பிள்ளை, அழைத்தாள்.

"அக்கா, வெள்ளைக்குப் புது கியர்பொக்ஸ் போட்டாச்சு. நூற்றிப்பத்தில பட்டு மாதிரிப் போகுது. சத்தமே இல்லை!"

"டேப்?"

"அதெல்லாம் உரிச்சுப்போட்டினம். இனித் தேவையில்லையாம்."

"பிரேக் மாத்தினவையோ?"

"பிரேக்குக்கு என்ன? வாகனச் சோதனையில பாஸ் அக்கா."

பாஸ் ஆகும். சோதனைக்குப் போகும்போது யாரும் அம்மி ஏற்றுவதில்லை.

"ஷாலினி, எண்பதில ஓட்டு. எனக்காக."

"ஏலாது அக்கா. நாளைக்கு ரெண்டு கலியாணம். நூற்றிப்பத்து எண்டு கணக்குப் போட்டுத்தான் நேரம் குடுத்திருக்கினம். முதலாவது ஹொல்ஸ்டெப்ரோ. சாமான் எல்லாம் எங்கட காரிலதான் எண்டு பொம்பிளையின்ர அப்பா சொன்னவர்."

முன்பு நூற்றுப்பத்தில் எஞ்சின் கத்தியாவது எச்சரித்தது. அந்தச் சத்தத்தையும் இப்போது எடுத்துவிட்டார்கள்.

முதலாளிக்கு மூன்று தரம் அழைத்தேன். இரண்டு தரம் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் எடுத்து, நான் இப்போது அங்கே வேலை செய்யவில்லை என்பதை நினைவூட்டினார். ஓட்டுநர்களுக்கு டேனிஷில் நீளமாக எழுதி அனுப்பிவிட்டேன். ஷாலினி கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியிருக்கிறாள். இதைத் தமிழில் எழுதி எங்கள் தமிழ்ச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் போடுவது ஓட்டுகிறவர்களுக்காக இல்லை. பின் சீட்டில் இருக்கப்போகிறவர்களுக்காக. நாளைக் காலை அந்தக் காரில் ஏறப்போவது எந்தக் குடும்பம் என்று ஷாலினி சொல்லவில்லை, சொல்லக்கூடாதாம். ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். அம்மியை வேனில் போடுங்கள். முன் சீட்டில் யார் இருந்தாலும் "கெதியா" என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள். வெளிக்கிடும் நேரத்தை எண்பதில் கணக்குப் போடுங்கள், ராகுவையும் சேர்த்து.

இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி. வெள்ளைக் காரின் நான்கு சில்லுகளிலும் இருப்பது பழைய டிரம் பிரேக்.